ஏவியோரும் இயற்றியோரும்

காலிக் கோட்டையின் மதில்மீது மாலை வேளையில் நடந்து செல்லும் ஒருவர் அதன் அழகிற்கு வசப்படாதிருத்தல் அரிது. ஒருபுறம் எல்லை காணமுடியாத சமுத்திரம். மறுபுறம் ஓட்டுக் கூரைகளும் தூண்கள் தாங்கும் விறாந்தைகளும் கொண்ட ஒடுங்கிய வீதிகள். தென்முனையில் வெண்ணிற வெளிச்சவீடு. அதனருகே, தூரத்திலிருந்து நோக்குவோருக்குக் கிறித்தவ தேவாலயமோ என மயக்கந் தரும் பள்ளிவாசல். நிலப்பக்கத்திலே சூரியன், சந்திரன், நட்சத்திரம் என வானத்துப் பெயர்களைத் தாங்கிய மூன்று பெருங் கொத்தளங்கள் நகரைக் காத்து நிற்கின்றன. அழகு என்ற சொல்லை இங்கே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். அழகைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது முற்போக்காளனுக்கு வகுக்கப்பட்ட இலக்கணமன்று.

ஆயினும் இத்தகைய இடங்களைக் காணச் செல்லும் சிந்தனையுள்ள யாத்திரிகன் எவனும் ஒரு வினாவைத் தவிர்த்துவிட முடியாது. பிறருடைய கட்டாய உழைப்பிலே எழுந்த ஓர் அழகை, அவ்வுழைப்பைப் பற்றி ஒன்றும் அறியாமலே அனுபவித்துவிட்டுப் போக நமக்கு உரிமையுண்டா? பிரயாணத்துக்கும் உணவுக்கும் உறையுளுக்கும் யாத்திரிகன் பணம் கொடுக்கிறான். அத்துடன் அவன் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? தமிழிலே 'கடன்' என்னும் சொல் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிக்கும். செய்து முடிக்கவேண்டிய கடமையையும் குறிக்கும். பழந்துறைமுக நகரொன்றில் அடியெடுத்து வைப்பவனுக்கு இவ்விரு பொருளிலும் ஒரு கடன் உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.

முதலில் அந்த மதில் ஏன் எழுந்தது என்பதை நோக்குவோம். காலி ஐரோப்பியர் கண்டுபிடித்த துறையன்று. 1344 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த இபுன் பதூதா இவ்வூரைத் தமது பயணக் குறிப்பிலே குறித்துச் சென்றார். அராபியரும் பாரசீகரும் சீனரும் தமிழரும் வந்து போன துறை அது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அங்கே அரண் அமைத்தனர். 1640 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். அதன் பின்னரே கருங்கல்லாலும் முருகைக் கல்லாலும் அமைந்த இன்றைய பெருமதில் கொத்தளம் கொத்தளமாக வளர்ந்தது. பழைய வாயிலின் உட்புறத்திலே ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையும் அதன்மேல் ஒரு சேவலின் உருவமும் 1669 என்ற ஆண்டும் இன்றும் காணப்படுகின்றன. அதே வாயிலின் வெளிப்புறத்தை, 1796 இல் கோட்டையைப் பெற்றுக்கொண்ட பிரித்தானியரின் அரச இலச்சினை அலங்கரிக்கின்றது. எசமானர் மாறினர், வாயில் ஒன்றே. அவ்வாயிலினூடாக உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் பெரும்பாலும் ஒரே பொருளின் பொருட்டாகவே இருந்தன. அப்பொருள் கறுவா.

கறுவாப் பட்டை தானாக உரிந்து கப்பலேறவில்லை. தென்மேற்குக் கரையோரத்துச் சலாகம சாதியினர் காடுகளில் அலைந்து அதனை உரித்துக் கம்பனிக்கு இறுக்கவேண்டுமென்பது ஊழியக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. பராயமடையாத சிறுவர்மீதும் அக்கடமை சுமத்தப்பட்டது. கறுவா மரத்தைக் களவாக வெட்டுவதும் பட்டையைக் கள்ளமாக விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. கம்பனியார் இந்த ஊழிய முறையைப் புதிதாகப் படைக்கவில்லை. சிங்கள மன்னர் கால இராசகாரியத்தை எடுத்து, உலகச் சந்தையின் தேவைக்கேற்ப இறுக்கி முறுக்கினர். நிலமானிய முறையும் வணிக முதலாளித்துவமும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று நூல்களிலே படிக்கிறோம். காலியில் அவை கைகோத்துத் தொழிற்பட்டன.

கறுவா உரித்தோர் தம் ஊரிலே நின்று வருந்தினர். ஊரையே இழந்து வந்தோர் வேறு சிலர். 1659 முதல் 1661 வரை, போராலும் பஞ்சத்தாலும் தஞ்சைச் சீமை நிலைகுலைந்திருந்த வேளையில், பசி தாங்காது தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களை நாகபட்டினம் முதலிய துறைகளிலே கம்பனி ஆயிரக்கணக்கில் வாங்கியது. அவர்களிற் பெருந்தொகையினர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, வயல்களிலும் கோட்டை வேலைகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். 1694 ஆம் ஆண்டுக் கணக்கொன்றின்படி கொழும்பு நகரில் வாழ்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். கொழும்பிலே 'அடிமைத் தீவு' என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தமை இவ்வரலாற்றின் எச்சமே. காலியிலோ அத்தகைய பெயர்கூட எஞ்சவில்லை. 1755 இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரிய தேவாலயத்தின் தளத்திலே, கம்பனி அதிகாரிகளினதும் அவர்தம் மனைவி மக்களினதும் பெயர்கள் குலச் சின்னங்களுடன் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. அக்கற்களைத் தூக்கிவந்து பதித்தவர்களுக்கு எங்கும் கல் நாட்டப்படவில்லை. தேடிப் பார்ப்பவனுக்கு ஒரு தடயம் மட்டும் அகப்படும். 'லெயின் பான்' என இன்றும் வழங்கும் வீதிப் பெயர், ஒல்லாந்த மொழியிலே கயிறு திரிக்கும் தளத்தைக் குறிப்பது. கம்பனியின் கப்பல்களுக்குத் தென்னந்தும்பினால் கயிறு முறுக்கிய கைகளின் நினைவு, பொருள் அறியப்படாத ஓர் அந்நியச் சொல்லுக்குள்ளே ஒளிந்து கிடக்கின்றது.

இவ்விடத்திலே நமது இலக்கண மரபு ஓர் உதவி புரிகின்றது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளைக் கற்பிக்கும்போது, அக்கருத்தா இருவகைப்படும் என்று மாணவருக்குச் சொல்கிறோம். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா; தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. ஏவியவனையும் இயற்றியவனையும் ஒரே சொல்லால் மயக்கிவிடலாகாது என்பதை இலக்கணகாரர் நன்கு உணர்ந்திருந்தனர். வரலாற்று நூல்களும் வழிகாட்டிக் கைந்நூல்களும் இதனை மறந்துவிட்டன. 'காலிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டினர்' என்று எழுதி, அவ்வோர் எழுவாயுடன் நிறுத்திக்கொள்கின்றன. கட்டுவித்தவர் ஒல்லாந்தர், கட்டியவர் வேறு மனிதர். அவ்வாக்கியத்தின் இரண்டாம் எழுவாயைத் தேடிச் சேர்ப்பதே யாத்திரிகனின் முதற் கடன்.

இதற்கு எதிராக இரசிகர் ஒருவர் கூறக்கூடிய நியாயத்தை நாம் அலட்சியம் செய்தலாகாது. "அழகு அழகே. ஒரு மதிலின் வளைவையும் அதன்மீது விழும் வெயிலின் நிறத்தையும் இரசிப்பதற்கு அதனைக் கட்டியவன் கூலி பெற்றானா, சவுக்கடி பெற்றானா என்று விசாரிக்க வேண்டியதில்லை. அறவியலைக் கலையனுபவத்திற் கலந்தால் இரண்டும் கெடும்" என்று அவர் கூறலாம். கேட்பதற்கு இனிய வாதம்தான். ஆனால் அந்த இரசிகர் உண்மையிலே வளைவையும் வெயிலையும் மட்டுமா இரசிக்கிறார்? சிறிது நேரம் அவருடன் மதில்மீது நடந்து பாருங்கள். ஒல்லாந்தரின் பொறியியல் திறன் எத்தகையது, வற்றுப்பெருக்கின் நீரைக் கொண்டே நிலத்தடிச் சாக்கடைகளைக் கழுவ அவர்கள் செய்த ஏற்பாடு எத்துணை நுட்பமானது, அக்காலத்து மனிதரின் முயற்சி எவ்வளவு பெரிது என்றெல்லாம் அவர் வியக்கத் தொடங்கிவிடுவார். அதாவது, 'யார் செய்தார்?' என்ற வினா அவரது இரசனையினுள் முன்னரே புகுந்துவிட்டது. அதற்கு அவர் ஒரு விடையையும் தந்துவிட்டார். அவ்விடை பாதி உண்மை என்பதே நமது முறையீடு. செய்தவரைக் கேளாமலே இரசிப்பேன் என்பவரை ஒருவாறு ஏற்கலாம். ஏவியவரை மட்டும் புகழ்ந்து இயற்றியவரை மறப்பவர், தூய அழகின் பெயரால் அதிகாரத்துக்குச் சாட்சி சொல்கிறார்.

இனி, மறுகோடியில் நிற்கும் நண்பரின் வாதத்துக்கு வருவோம். "இவை அந்நியன் நம்மை அடிமைப்படுத்திய சின்னங்கள். இவற்றைப் போற்றுவது வெட்கக்கேடு" என்கிறார் அவர். அவரது கோபத்தில் நியாயமுண்டு. ஆனால் அக்கோபம் தன் வீட்டு வாசலில் வந்ததும் அணைந்துவிடுகின்றதே! அநுராதபுரத்து வாவிகளையும் தஞ்சைப் பெருங்கோயிலையும் காணும்போது அவர் நெஞ்சு நிமிர்கின்றது. அங்கே மண் சுமந்தவர் யார், கல் இழுத்தவர் யார் என்று அவர் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய தேசவழமையைப் புரட்டிப் பார்த்தால், அடிமைகளைப் பற்றிய விதிகள் அதிலே தனிப் பகுதியாக இடம்பெற்றிருப்பதைக் காணலாம். அவ்விதிகளை ஒல்லாந்தன் தன் நாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. நம்மூர்ப் பெரியோரைக் கேட்டே எழுதிக்கொண்டான். கோவியரும் நளவரும் பள்ளரும் எந்த வகையிலே பிறருக்கு உடைமையாயினர் என்பதை அவனுக்கு எடுத்துரைத்தவர்கள் நம்மவர்கள். 1844 இல் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது. அதற்கு நூற்றிருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மனிதர் உட்செல்லும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. ஆகவே காலி மதிலைக் கண்டு ஒல்லாந்தனைப் பழிப்பது எளிது. அதே அளவுகோலை நமது கோபுரங்களுக்கும் குளங்களுக்கும் பயன்படுத்துவதே கடினம். கடினமானதைச் செய்ய மறுக்கும் கோபம் நீதியுணர்வு ஆகாது. அது இனப்பெருமையின் இன்னொரு வடிவமே.

தமிழ் யாத்திரிகனுக்குக் காலியில் மற்றுமொரு சோதனை காத்திருக்கின்றது. 1911 ஆம் ஆண்டிலே அந்நகரின் வீதியோரத்து மதகொன்றை மூடிக் கவிழ்ந்து கிடந்த ஒரு கற்பலகை கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்து நாட்டிய அக்கல்லில் 1409 ஆம் ஆண்டுக்குரிய திகதி பொறிக்கப்பட்டுள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதிலே இடம்பெற்றுள்ளன. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீக வாசகம் இசுலாமிய நெறிக்கும் காணிக்கை கூறுகின்றன. ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் பட்டும் நறுநெய்யும் எனக் காணிக்கைப் பட்டியல் நீள்கின்றது. கொழும்பு நூதனசாலையில் இன்றுள்ள இக்கல்லைச் சமய சமரசத்தின் சின்னமாகப் போற்றுவோர் பலர். அதிலே தமிழைக் கண்டு பூரிப்போரும் பலர். அந்நாளைய இந்து சமுத்திர வாணிகத்திலே தமிழ் ஒரு பொதுமொழியாக விளங்கியமைக்கு அது தக்க சான்று என்பதில் ஐயமில்லை.

எனினும் கல் சொல்வதை மட்டும் கேட்பவன் பாதி வரலாற்றையே கேட்கிறான். மூன்று தெய்வங்களையும் சமமாக வணங்கிய அதே கடற்படை, 1411 இல் அழகக்கோனாரைப் போரிலே வென்று சிறைபிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டுசென்றது. தமிழ் வாசகம் போற்றிய தேனாவரைப் பெருங்கோயிலை 1588 இல் போர்த்துக்கேயர் கொள்ளையிட்டு அழித்தனர். சமரசம் பேசிய கல்லோ சாக்கடைக்கு மூடியாயிற்று. இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் அக்கல்லின் தமிழைக் கண்டு மகிழலாம். ஆனால் அத்தமிழ் எவருடைய தமிழ் என்று கேட்டுவிட்டு மகிழ வேண்டும். அது வணிகரும் அரசரும் தெய்வத்தின் பெயரால் உடன்படிக்கை செய்துகொண்ட தமிழ். அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளின் பின் நாகபட்டினத்துக் கரையிலே விலைபேசப்பட்டுக் கப்பலேறிய தாய் தன் குழந்தையைத் தேற்றியதும் தமிழிலேதான். கல்லில் ஏறிய தமிழ் நூதனசாலையில் இருக்கின்றது. கல் சுமந்த தமிழ் எங்கும் பதியப்படவில்லை. மொழிப்பற்று என்பது இவ்விரண்டில் முதலாவதற்கு மட்டும் உரியதாயின், அதனை மக்கள்மீது கொண்ட பற்று என்று எவ்வாறு கூறுவது?

இவ்வளவும் கூறியபின், மதிலைச் சபித்துவிட்டுத் திரும்புவதும் பொருந்தாது என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்திலேயே நிகழ்ந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது, கோட்டையின் உட்பகுதியைப் பெருஞ் சேதத்திலிருந்து காத்தது அம்மதிலே. அதற்கு வெளியே, தாழ்ந்த நிலத்திலிருந்த பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் விளையாட்டு மைதானத்தையும் அலை அள்ளிச் சென்றது. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், கம்பனியின் இலாபத்தைக் காக்க எழுந்த மதில் சாதாரண மனிதரின் உயிரைக் காத்தது. அடிமையின் உழைப்பு, ஏவியவனின் நோக்கத்தையும் கடந்து, மூன்றரை நூற்றாண்டுகளின் பின் பிறந்தவர்களுக்குப் பயன் தந்தது. உழைப்பின் இயல்பு அத்தகையது. அதனை விலைக்கு வாங்கியவனும் பறித்துக்கொண்டவனும் அதன் முழுப் பயனையும் ஒருபோதும் தனதாக்கிக்கொள்ள முடியாது. கட்டப்பட்ட மதில் எல்லா மனிதருக்கும் உரிய சொத்தாகின்றது. ஆதலால் அதனை இடித்துத் தள்ளுவதும் வெறுத்து ஒதுக்குவதும் ஏவியவனைத் தண்டிக்கமாட்டா. இயற்றியவனின் எஞ்சிய ஒரே சாட்சியத்தை அழித்துவிடும்.

ஆனால் அதே நாள் இன்னொன்றையும் காட்டிற்று. மதிலுக்கு உள்ளே வாழ்வது, வெளியே வாழ்வது என்ற பழைய பேதம் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான பேதமாகவும் ஆகலாம் என்பதே அது. இப்பேதம் இன்று புதிய உருவம் பெற்று வருகின்றது. காலியின் பழைய வீடுகள் எவ்வாறு தப்பிப் பிழைத்தன என்பதை எண்ணிப் பாருங்கள். 1875 இல் தொடங்கிய கொழும்புத் துறைமுக அலைதடுப்பு வேலை 1885 இல் நிறைவுற்றதும், தபாற் கப்பல்களும் நிலக்கரிக் கப்பல்களும் காலியைக் கைவிட்டன. துறைமுகம் நலிந்தது, பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவதற்கு நகரத்தாரிடம் பணமில்லை. இன்று நாம் பாரம்பரியம் எனப் போற்றுவதை ஒரு நூற்றாண்டுக் காலம் பேணியது பெரும்பாலும் வறுமையே. 1988 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. அதன் பின் வறுமை பேணிய வீடுகளுக்குச் செல்வம் விலை பேச வந்தது. வீடு வீடாக விற்பனையாகி, விடுதிகளும் இரத்தினக் கடைகளும் உணவகங்களும் பெருகின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. விடுதிகளிலே படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுவோரும் பலர் மதிலுக்கு வெளியேயிருந்து காலையில் வந்து இரவில் திரும்புகின்றனர். பழைய வாயிலிலே கம்பனியின் காவலாளி நின்றான். இன்று விலைவாசி அக்காவலைச் செய்கின்றது.

இங்கேதான் யாத்திரிகனின் கடன் இறந்தகாலத்தை விட்டு நிகழ்காலத்துக்கு வருகின்றது. மாண்டவர்களுக்கு நாம் எதையும் திருப்பிக் கொடுக்க இயலாது. அவர்களை எண்ணிக் குற்றவுணர்வில் ஆழ்வதாலும் பயனில்லை. அக்குற்றவுணர்வு மலிவானது, மதிலிலிருந்து இறங்கி ஒரு கோப்பை தேநீர் அருந்துவதற்குள் ஆறிவிடுவது. முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய அடிமைக்காகக் கண் கலங்கிவிட்டு, அத்தேநீரைக் கொணர்ந்து வைத்த இளைஞனின் முகத்தைப் பாராமலே எழுந்து செல்லும் யாத்திரிகன் வரலாற்றிலிருந்து ஒன்றும் கற்கவில்லை. அவனும் இயற்றுதற் கருத்தாவை விட்டுவிட்டே தன் வாக்கியத்தை எழுதுகிறான். பெயர் பதியப்படாத முன்னோருக்குப் பட்ட கடனை, அவர்களைப் போலவே பெயர் கேட்கப்படாமல் உழைக்கும் இன்றைய மனிதரிடத்திலேதான் செலுத்த முடியும். அவர்களது கூலி, வேலை நேரம், அவர்கள் சங்கம் அமைக்கும் உரிமை, அவர்களது நகரிலே அவர்கள் குடியிருக்கும் உரிமை ஆகியவற்றை நம்முடைய விவகாரமாகக் கருதுவதும், அவர்கள் அவற்றைக் கோரும்போது அவர்கள் பக்கம் நிற்பதுமே அக்கடனைச் செலுத்தும் வழி. தனி மனிதனாகிய யாத்திரிகன் இவ்வமைப்பை மாற்றிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் அமைப்பை மாற்றும் இயக்கங்கள் எல்லாம் பார்வை மாறிய மனிதராலேயே ஆக்கப்படுகின்றன.

ஆசிரியராகிய நம்மிற் பலர் ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலாவாகக் காலிக்கு அழைத்துச் செல்கிறோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர்கள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, 'கோட்டையை ஒல்லாந்தர் கட்டினர்' என்று எழுதிக்கொள்கின்றனர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் நாம் அவர்களிடம் மேலும் ஒன்றைக் கேட்கலாம். அவ்வாக்கியத்திலுள்ள கருத்தா எவ்வகையைச் சார்ந்தது என்று கேட்கலாம். ஏவுதற் கருத்தா என்று ஒரு மாணவி விடை கூறுவாள். அப்படியாயின் இயற்றுதற் கருத்தா யார் என்று அடுத்துக் கேட்போம். முருகைக் கல்லைக் கடலிலிருந்து அகழ்ந்தவர், சுண்ணாம்பு சுட்டவர், கயிறு திரித்தவர், பட்டை உரித்தவர், நாகபட்டினத்திலிருந்து வந்தவர் என ஒவ்வொருவராக அவர்கள் சேர்த்துக்கொண்டே போகட்டும். பின்னர் ஊர் திரும்பியதும், தம் கிராமத்துக் கோயிலுக்கும் குளத்துக்கும், தாம் படிக்கும் பாடசாலைக் கட்டிடத்துக்கும் அதே வினாவை எழுப்பட்டும். அவ்வினாவுக்கு விடை தேடி அவர்கள் போகவேண்டிய வீடுகள் தூரத்தில் இல்லை. அவ்வீட்டுப் பிள்ளைகள் அவர்களுடைய வகுப்பிலேயே இருக்கின்றனர்.